எங்கள் வீட்டில் ஐந்தாவதாக ஒருவர்

ஷார்ஜா
20.9.2002

அன்புத் தங்கை டெல்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நஜ்மாவில் புது ரூம் கிடைத்தது என்று எழுதினாயே, அதில் ஜன்னல் உண்டா என்று எழுதவில்லை.

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. எட்டாம் வகுப்புத் தமிழுக்கு இந்த வருஷம் ஒன்பதே பிள்ளைகள். இப்படியே போனால் தமிழை எடுத்துவிட்டு ஃபிரெஞ்ச் வைத்துவிடலாம் என்று மேனேஜ்மென்டில் பேச்சு. எடுத்தால் என் வேலை என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இந்த வருஷம் பிள்ளைகளை நன்றாக எழுதவைத்துப் பெற்றோருக்குக் காட்டியே தீருவது என்று ஒரு பிடிவாதம் எனக்கு.

கைடைப் பார்த்துக் கட்டுரை எழுதுவதை நிறுத்திவிட்டேன். “நீங்கள் உண்மை என்று நம்பும் ஒன்றைச் சொல்லுங்கள். அதற்கான ஆதாரங்களை ஒவ்வொன்றாகத் தனி அட்டையில் எழுதி, பெஞ்சில் பரப்பி, வரிசைப்படுத்துங்கள்” என்றேன். எல்லாரும் டிவி கெடுதல், மரம் நல்லது என்று எழுதினார்கள். ஃபஸ்னா என்று ஒரு பெண். அப்பா சதக்கத்துல்லா ரோலாவில் துணிக்கடை வைத்திருக்கிறார், காயல்பட்டினத்துக்காரர்கள். அவள் எழுதியதைப் பார்:

“எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார்.”

ஆதாரம் என்று ஒரே அட்டை. “எனக்கு அப்படித் தோன்றுகிறது.” தோன்றுவது ஆதாரம் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். பெல் அடித்த பிறகும் நின்றாள்.

“டீச்சர், இமாஜின் பண்ணி எழுதல. நெஜமாவே இருக்காங்க.”

“அப்படியானால் என்னை நம்பவை” என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா,
ரெபேக்காள்

*

தோஹா
2.10.2002

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ரூமில் ஜன்னல் உண்டு, திறந்தால் எதிர்ச் சுவர். முதுகுவலி டியூட்டி நேரத்தில் மட்டும் வருகிறது. அத்தானின் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் எழுதாமல் விட்டதையும் கவனித்தேன்.

அந்தப் பிள்ளையின் கட்டுரையை ரூமில் வாசித்துக் காட்டினேன். இங்கே ஆறு பேர் இருக்கிறோம், ஏழாவதாக ஒருத்தி வந்து படுத்தாலும் தெரியாது என்று ஒரே சிரிப்பு.

வார்டில் ஒருவர் வலிக்கிறது என்றால் நாங்கள் அப்படியே எழுத மாட்டோம். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எது செய்தால் கூடுகிறது என்று கேட்போம். நீங்களும் அப்படியே கேளுங்கள். இரண்டு கேள்வியில் பேய் ஓடிவிடும்.

அன்புடன்,
டெல்சி

*

ஷார்ஜா
18.10.2002

அன்பு டெல்சிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அத்தானுக்கு சர்க்கரை கொஞ்சம் கூடுதல். சாயங்காலம் நடக்கச் சொன்னால் டிவி முன்னால் நடக்கிறார். உன் முதுகுவலி விட்டதா?

நீ சொன்ன கேள்விகளைப் போர்டில் எழுதிப்போட்டேன். மறுவாரம் ஃபஸ்னா பதினோரு அட்டைகளோடு வந்தாள். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, மற்றவர் சொன்னது என்று மூன்று கட்டாகப் பிரிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்க முடியுமா என்று கேட்டேன். கதவு தானாக அசைந்தது: ஏசி காற்று, தள்ளு. தண்ணீர்ச் சத்தம்: பக்கத்து ஃபிளாட், தள்ளு. எட்டு அட்டை போய் மூன்று மிஞ்சியது.

ஒன்று, அவளுடைய யூனிஃபார்ம் பாவாடையின் ஓரம் பிரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் தைத்திருந்தது. அவள் உம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராதாம். இரண்டு, குளியலறையில் வேப்பெண்ணெய் வாசம். அந்த எண்ணெய் அவர்கள் வீட்டில் கிடையாது.

மூன்றாவது அட்டையை அவள் கையிலேயே வைத்திருந்தாள். ரெண்டு வயசுத் தங்கை ஜுலைஹா, குளியலறைக்கு வெளியே நின்று மேலே பார்த்து “அம்மா, வா” என்கிறாளாம்.

“அதனால் என்ன? குழந்தை அம்மாவைக் கூப்பிடுகிறது” என்றேன்.

“டீச்சர், எங்க வீட்ல யாரும் அம்மான்னு சொல்ல மாட்டோம். உம்மான்னுதான் சொல்வோம். அந்த வேர்ட் அவளுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது, டெல்சி. ஆனாலும் வாத்தியார் புத்தி எங்கே போகும்? “இதைக் கடைசியில் வை. பலமான ஆதாரம் கடைசியில்தான் வரவேண்டும்” என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ரெபேக்காள்

*

தோஹா
1.11.2002

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். இந்த முறை ரூமில் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. வாசித்துவிட்டு விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

ஒன்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பிள்ளை இதையெல்லாம் தன் உம்மாவிடம் சொன்னாளா? சொன்னபோது உம்மா என்ன செய்தாள்? குளியலறைக்கு மேலே என்ன இருக்கிறது?

அத்தானைத் தெருவில் நடக்கச் சொல்லுங்கள்.

டெல்சி

*

ஷார்ஜா
24.11.2002

அன்பு டெல்சிக்கு,

தேவன் உன்னைக் காக்கட்டும். நோன்பு மாதம், பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிடுகிறது. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி நலம்.

நீ கேட்டதைக் கேட்டேன். குளியலறைக்கு மேலே பழைய சாமான் போடும் பரண் இருக்கிறதாம். மர ஏணி வைத்து ஏற வேண்டும், உம்மா மட்டும்தான் ஏறுவாள். உம்மாவிடம் சொன்னதும் முதல்முறையாக அவளை அறைந்தாளாம். அடித்த கையோடு கட்டிப்பிடித்து அழுதாளாம். “வாப்பா காதுல இது விழக்கூடாது” என்றாளாம். அதையும் ஓர் அட்டையில் எழுதச் சொன்னேன்.

ஒரு குறை பாக்கி இருந்தது. “மறுத்துப் பேசுகிறவர் என்ன சொல்வார்? அது உன் உம்மாதான், உன் தங்கைதான் என்பார். வீட்டில் நீங்கள் யாருமே இல்லாத நேரத்தில் ஒருவர் இருந்தார் என்று காட்ட முடியுமா?” என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

போன வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க எல்லாரும் தேராவில் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஃபஸ்னா கடைசியாக வெளியே வரும்போது நடையில் முகப்பவுடரைத் தூவிவிட்டு வந்திருக்கிறாள். திரும்பியதும் முதல் ஆளாக உள்ளே ஓடியிருக்கிறாள்.

கால் தடங்கள். ஏணிக்குக் கீழே தொடங்கி அடுக்களைக்குப் போய், அங்கிருந்து குழந்தையின் தொட்டில்வரை வந்திருக்கின்றன. தொட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு காலும் சேர்ந்து வெகுநேரம் நின்ற மாதிரி ஆழமாகப் பதிந்திருந்தனவாம். உம்மா துடைப்பதற்குள் ஒரு தடத்தின் மேல் செய்தித்தாளை வைத்து, ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு வந்துவிட்டாள். இடது கால். சுண்டுவிரல் இல்லை.

என் மேஜைமேல் அந்தக் கால் கிடக்கிறது, டெல்சி. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து போட்டேன். பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு கட்டுரை நான் திருத்தியதில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எங்கும் தப்பிக்க முடியாது. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன். பகல் மூன்று மணிக்கு எதற்குத் தாழிடுகிறோம் என்று சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

பிள்ளை கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். நோன்பு காரணமாக இருக்கும்.

அக்கா,
ரெபேக்காள்

*

தோஹா
4.12.2002

அக்கா,

நலம் விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இதை உடனே வாசியுங்கள்.

பேய் பாவாடை தைக்காது. பேய் அடுக்களைக்குப் போகாது, அதற்குப் பசி கிடையாது. அந்தப் பரணில் ஒரு பெண் இருக்கிறாள். வேலை செய்த வீட்டிலிருந்து ஓடிவந்தவளாக இருக்கும். ஃபஸ்னாவின் உம்மாதான் ஒளித்து வைத்திருக்கிறாள். புருஷனுக்கே தெரியாது. அந்த அடியும் அழுகையும் அதற்குத்தான்.

போன வருஷம் எங்கள் வார்டுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எங்கேயோ மாதக்கணக்கில் ஒளிந்திருந்தவள். பெயரைக் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அங்கே வைத்துத்தான் ஊசி போடுவேன்.

அந்தக் கட்டுரையை யாருக்கும் காட்டாதீர்கள். வெளியே தெரிந்தால் அவளுக்கு ஜெயில், வைத்திருந்த குடும்பத்துக்கும் விசா போகும். அந்தக் கால் படத்தைக் கிழித்துப்போடுங்கள். பிள்ளையிடம் கதை நன்றாக இருந்தது என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

டெல்சி

*

ஷார்ஜா
24.12.2002

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். இங்கே எல்லாரும் சுகம். அத்தான் இந்த வாரம் முழுக்க கேரல் பாட்டுக் குழுவோடு சுற்றி, தொண்டை போய் வந்திருக்கிறார். உனக்குப் பழக்கேக் ஒன்று ஆள்மூலம் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா? நேற்று லேசாக மழை தூறியது. பிள்ளைகள் விடுமுறையில் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் வெறிச்சென்று இருக்கிறது.

ஃபஸ்னாவுக்குக் காய்ச்சல் என்று கடைசி வாரம் வரவில்லை.

ஊரில் நம் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றியாயிற்றாம். நீ எப்போது லீவு போடுகிறாய்?

அக்கா,
ரெபேக்காள்

*

தோஹா
6.1.2003

அக்காவுக்கு,

கேக் வந்தது. ஓடு மாற்றிய செய்தியும் வந்தது. என் டிசம்பர் நாலாம் தேதிக் கடிதம் வந்ததா என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை.

புது வருஷத்தன்று போன் செய்தேன். ஃபஸ்னா என்று ஆரம்பித்ததும் அத்தானிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டீர்கள். அவர் பாடிய பாட்டிலேயே போன் கார்டு முடிந்தது.

அந்தக் கட்டுரையை யாருக்காவது காட்டினீர்களா?

டெல்சி

*

ஷார்ஜா
2.2.2003

டெல்சிக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நலமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

காட்டினேன். டிசம்பர் பன்னிரண்டு எங்கள் பள்ளியில் பெற்றோர் நாள். கட்டுரையைப் பெரிய எழுத்தில் எழுதி, அந்தக் காலையும் ஒட்டி, வாசலிலேயே போர்டில் மாட்டினேன். ஃபஸ்னாவை மேடையில் வாசிக்கவும் வைத்தேன். அதற்காகப் பத்து நாள் வீட்டில் வாசித்துப் பழகச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். பிரின்சிபால் தமிழ் தெரியாமலே தலையாட்டினார். எனக்கு அன்று எவ்வளவு பெருமை என்று நினைக்கிறாய்? தமிழ் தப்பித்தது, நானும் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய வாப்பா மட்டும் தட்டவில்லை. போர்டுக்கு முன்னால் போய் நின்று முதலிலிருந்து வாசித்தார். அந்தக் காலின்மேல் விரலை வைத்தார்.

“டீச்சர், இது நீங்க சொல்லிக்குடுத்த கதையா?”

“இல்லை. ஒவ்வொரு ஆதாரமும் அவளே சேகரித்தது” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், டெல்சி.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். உன் கடிதம் அதற்கு எட்டு நாள் கழித்துத்தான் வந்தது. வாசித்துவிட்டு பைபிளுக்குள் வைத்தேன். அதன் பிறகு பைபிளைத் திறக்கவும் பயமாக இருந்தது.

போன வாரம் துணிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். உம்மாவின் பெயர் ஆபிதா. திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டுச் சாயா கொடுத்தாள். எல்லாம் நீ சொன்னபடிதான். அவள் பெயர் மாரியம்மாள், சங்கரன்கோவில் பக்கம். ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் இவர்கள் கட்டட மாடிப்படியில் உட்கார்ந்து, செருப்பில்லாத காலைப் பிடித்துக்கொண்டு “தண்ணி, தண்ணி” என்று தமிழில் முனகியிருக்கிறாள். முதுகெல்லாம் சூட்டுத் தழும்பு. ஒரு நாளைக்கு என்று உள்ளே விட்டது நாலு மாதம் ஆகிவிட்டது.

“ஃபஸ்னா வாப்பா வீட்டுக்கு வந்ததும் ஏணிய வச்சு பரணத் தொறந்தாங்க டீச்சர். நான் கண்ண மூடிக்கிட்டேன். ஒண்ணும் சத்தமே இல்ல. தொறந்து பாத்தா யாரும் இல்ல. ஒரு பாய், ஒரு சீப்பு, நூல்கண்டு. நாங்க ஸ்கூலுக்கு வந்த நேரத்துல எறங்கிப் போயிட்டா. அவளுக்கு ரோடு எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது. எங்க போயிருப்பா?”

ஜனவரி ஒன்றாம் தேதி இங்கே பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். ஓடிப்போனவர்கள், விசா இல்லாதவர்கள் எல்லாரும் தண்டனை இல்லாமல் ஊருக்குப் போகலாம். “இன்னும் இருபது நாள் பொறுத்திருந்தா போதும், டீச்சர்” என்றாள் ஆபிதா.

நான் எழுந்தபோது குழந்தை ஜுலைஹா நடையில் நின்று, பரணைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியபடி “அம்மா” என்றது. பரண் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருட்டு. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரெபேக்காள்

*

தோஹா
13.2.2003

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் உங்களுக்குத் தைரியம் தரட்டும். உங்கள்மேல் கோபம் இருந்தது. கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோது என்னுடைய கேள்விகள் நினைவுக்கு வந்தன. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம். அவற்றை அனுப்பியது நான்தானே.

உட்கார்ந்து அழாதீர்கள். உயிரோடு இருந்தால் அவள் பொதுமன்னிப்பு வரிசைக்குத்தான் வருவாள். ஆபிதாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடுங்கள். அவளுக்கு முகம் தெரியும். இல்லாத விரல் உங்களுக்குத் தெரியும்.

சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

டெல்சி

*

ஷார்ஜா
14.3.2003

அன்பு டெல்சிக்கு,

போர் வரும் என்று டிவியில் எந்நேரமும் சொல்கிறார்கள். நீ ஜாக்கிரதையாக இரு. தண்ணீரும் அரிசியும் வாங்கி வை. எங்களுக்குக் குறையில்லை.

இதுவரை ஏழு தடவை போய்விட்டோம். பர் துபாயில் நம் நாட்டுக் கான்சுலேட்டைச் சுற்றி வரிசை நிற்கிறது. விடியும் முன்பே வந்து அட்டை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பெண்களுக்குத் தனி வரிசை. நான் முகங்களைப் பார்ப்பதில்லை, கால்களையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன். வெடித்த கால், வீங்கிய கால், ஆண்களின் செருப்பு போட்ட கால். நான் குனிந்து வருவதைப் பார்த்ததும் சிலர் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.

நேற்று ஆபிதாவுக்குப் பொறுமை போய்விட்டது. வரிசையின் நடுவில் நின்று “மாரியம்மா!” என்று கத்திவிட்டாள்.

நாலு பேர் திரும்பினார்கள், டெல்சி. வெவ்வேறு இடத்திலிருந்து நாலு முகங்கள். எல்லாருடைய பார்வையும் ஒன்றுபோல இருந்தது. ஒருத்தி எழுந்து ஓடவே ஆரம்பித்துவிட்டாள். “பயப்படாதீங்க, நாங்க ஊர்க்காரங்க” என்று பின்னால் ஓடி நிறுத்தினேன். அவள் விருதுநகர்க்காரி. எட்டு மாதம் ஒரு கடையின் கிடங்கில் இருந்தாளாம். மற்ற மூவரும் எங்கெங்கோ இருந்திருக்கிறார்கள். யாருக்கும் எங்கள் மாரியம்மாளைத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கட்டடங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை ஜன்னல்கள்! ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்து, நிறுத்த முடியவில்லை. ஆபிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா,
ரெபேக்காள்

*

ஷார்ஜா
9.5.2003

என் டெல்சிக்கு,

கர்த்தர் நல்லவர். நீ போர்க்காலத்தைப் பத்திரமாகக் கடந்ததற்குக் கோயிலில் ஸ்தோத்திரம் செலுத்தினோம். அத்தானுக்கு சர்க்கரை இறங்கியிருக்கிறது, தெருவில்தான் நடக்கிறார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இந்த வருஷம் தமிழ் இல்லை. என்னை லைப்ரரியில் போட்டிருக்கிறார்கள். ஃபஸ்னா ஃபிரெஞ்ச் படிக்கிறாள்.

போன வியாழக்கிழமை ஆபிதாவே என் வீட்டுக்கு வந்தாள், ஃபஸ்னாவையும் கூட்டிக்கொண்டு. சதக்கத்துல்லாவின் கடைப் பையில் அச்சிட்டிருக்கும் விலாசத்துக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பிரித்துப் பார்த்தவர் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தாராம். ஐந்து மாதமாக அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்து அவளை அழவிட்டிருக்கிறார்.

மாரியம்மாள் உயிரோடு இருக்கிறாள், டெல்சி. அன்று எதிர்ப்பட்ட ஒரு வள்ளியூர்க் குடும்பம் கூட்டிப்போய் வைத்திருந்து, பிப்ரவரியில் விமானம் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் தேடத் தொடங்கும்போது அவள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறாள். யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆபிதா தாளை நீட்ட, ஃபஸ்னாதான் எனக்கு வாசித்தாள். அப்படியே தருகிறேன்:

“அக்கா, நான் நல்லா இருக்கேன். சொல்லாமப் போனதுக்கு மன்னிச்சுக்கோங்க. பெரிய பாப்பாவ யாரும் ஏசாதீங்க. பாப்பா அந்தக் கட்டுரைய தெனமும் நீங்க இல்லாத நேரமாப் பாத்து நடையில, எனக்கு நேர் கீழ நின்னுதான் வாசிச்சுப் பழகும். நான் மேல படுத்துக் கேட்டுட்டே இருப்பேன். பாவாடை தச்சது, எண்ணெ வாசம், கால்தடம், எல்லாம் வரிசையா வரும். ஒண்ணுகூடப் பொய் இல்ல. ஆனா கேக்கக் கேக்க எனக்கே பயம் வந்துருச்சு அக்கா. இப்படி ஒருத்தி இந்த வீட்டுக்குள்ள அலையிறாளான்னு இருட்டுல என் கையயே தொட்டுப் பாத்துக்கிட்டேன். கடைசி வரி வரும்போது பாப்பாவுக்குக் குரல் நடுங்கும். ஒரு பிள்ளைய இப்படி நடுங்க வச்சுக்கிட்டு அங்க இருக்க எனக்கு மனசு வரல. அதான் எறங்கிட்டேன். சின்னவ தூங்கும்போது கால ஆட்டிவிட்டாத்தான் தூங்குவா, மறந்துறாதீங்க.”

ஃபஸ்னா வாசித்து முடித்து, தாளை மடித்து உம்மாவிடம் கொடுத்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

“டீச்சர்,” என்றாள், “நாலு மாசம் அவங்க எங்க வீட்ல இருந்தாங்க. எனக்கு அவங்க கால் தெரியும். தையல் தெரியும். இதை வாசிக்கும்போது அவங்க வாய்ஸ் எப்படின்னு நெனச்சுப் பாத்தேன். எனக்குத் தெரியவே இல்ல டீச்சர்.”

ஆபிதா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் வெகுநேரம் கழித்துத்தான் போனார்கள்.

உன் லீவு எப்போது? இந்த முறை நேரில் பேச வேண்டும்.

என்றும் உன் அக்கா,
ரெபேக்காள்